அயலார் கையில் நிறைகோல்
(வேப்பம்பட்டில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



வேப்பம்பட்டுத் தொடர்வண்டி நிலையத்தில் காலையில் நின்று பார்ப்பார்க்கு ஒரு மாற்றம் கண்கூடாகத் தெரியும். ஒரு தலைமுறைக்கு முன் இவ்வூரில் மனை வாங்கிக் குடியேறியவருள் பலர் ஆவடிப் படைக்கல ஆலைகளிலும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் உழைத்தவர்கள். அவர்கள் கையில் சோற்றுத் தூக்கு இருந்தது. அவர்கள் பெற்ற மக்கள் கையில் இன்று இருப்பது ஆங்கிலத் தேர்வுக்குரிய பயிற்சி நூல். பொறியியற் கல்லூரியின் இறுதியாண்டு முடியுமுன்பே, "உனக்கு எத்தனை புள்ளி வரும்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கின்றனர். அப்புள்ளி கல்லூரித் தேர்வில் பெறும் புள்ளி அன்று. கனடா, ஆத்திரேலியா, பிரித்தானியா ஆகிய நாடுகள் தம் வாயிலில் நிறுத்தி, வருவோரை எடை போட்டு வழங்கும் புள்ளி. விசா என்று மக்கள் வழங்கும் நுழைவிசைவு அப்புள்ளியைப் பொறுத்தே கிடைக்கும்.

அடுத்த நிலையமாகிய திருநின்றவூரில் பூசலார் நெஞ்சுக்குள்ளேயே கோயில் எழுப்பினார் என்பது பெரியபுராணச் செய்தி. அதே தடத்தில் செல்லும் இன்றைய இளைஞர் நெஞ்சுக்குள் கனடாவில் வீடு எழுப்பிக்கொண்டிருக்கின்றனர். எழுப்பட்டும், அதில் குற்றமில்லை. கடல் கடத்தல் தமிழனுக்குப் புதிதும் அன்று, இழிவும் அன்று. ஆனால் எடை போடும் கோல் யாருடையது, அதன் எடைக்கற்கள் யாவை, அவற்றை மாற்றும் உரிமை யாரிடம் உள்ளது என்பவற்றை அறியாமல் அதில் ஏறி நிற்றல் அறிவுடைமை ஆகாது.

கனடாவின் கணக்கை எடுத்துக்கொள்வோர் அதன் உள்ளத்தையே கண்டுகொள்ளலாம். அயல்நாட்டுத் திறனாளர்க்கு அந்நாடு வகுத்துள்ள முதற்பட்டியல் 100 புள்ளிகளைக் கொண்டது. தேறுவதற்கு 67 வேண்டும். அவற்றுள் மொழிக்கு 28, கல்விக்கு 25, தொழிற்பட்டறிவுக்கு 15, அகவைக்கு 12, உறுதி செய்யப்பட்ட வேலைக்கு 10, அந்நாட்டு வாழ்வில் பொருந்தும் தன்மைக்கு 10. கல்வியைக் காட்டிலும் மொழிக்கே எடை மிகுதி என்பதை ஓர்ந்து நோக்குதல் வேண்டும். அம்மொழி ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு. அகவைக் கணக்கு இன்னும் கூரியது. 35 அகவை வரை முழுப் புள்ளி. அதன்பின் ஆண்டுக்கொன்றாகத் தேய்ந்து 47-இல் ஒன்றுமில்லாமற் போகும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசுவார்க்கும் இவர்க்கும் உள்ள வேறுபாடு, இவர்கள் கணக்கைத் தாளில் அச்சிட்டு முன்னரே தந்துவிடுகின்றனர் என்பதே.

இம்முறையைப் பழித்துவிட்டுப் போதலும் நடுநிலை ஆகாது. 1967-இல் கனடா புள்ளிமுறையைக் கொண்டுவந்ததற்கு முன் அந்நாட்டு வாயிலில் நீண்ட காலம் எடை போடப்பட்டது தோலின் நிறம். 1914-இல் கோமகாட்டா மாரு என்னும் கப்பலில் வந்த இந்தியரைக் கரையில் இறங்கவிடாமல் திருப்பியனுப்பியது அதே நாடுதான். பிறப்பைப் பாராமல் கல்வியையும் தொழிலையும் பார்ப்பது அதனினும் பன்மடங்கு நன்று என்பதை மறுப்பார் இலர்.

ஆயினும் மொழியைக் கொண்டு ஆளை வடிகட்டும் கலை புள்ளிமுறைக்கும் மூத்தது. அதன் வரலாற்றில் தமிழனுக்கு நேரடிப் பங்கு உண்டு. 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறைமுகத்தைத் துருரோ என்னும் கப்பல் அடைந்தது. சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிச் சென்ற கப்பல் அது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்கட்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் அவர்கள். அவர்களிடம் எவரும் எம்மொழியும் கேட்கவில்லை. கேட்கப்பட்டவை இரு கைகள். ஆனால் கூலியாக அன்றி வணிகராகவும் உரிமையுடைய குடியினராகவும் இந்தியர் வரத் தொடங்கியதும் நேட்டால் அரசு விழித்துக்கொண்டது. 1897-இல் ஒரு சட்டம் இயற்றி, வருவோர் ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதிக் காட்டல் வேண்டும் என்றது. கூலிக்கு வருவோர்க்கு மட்டும் அத்தேர்வு இல்லை. குனிந்து வருவோர்க்கு மொழி தேவையில்லை. நிமிர்ந்து வருவோர்க்கே தேவை என்பது இதன் பொருள்.

நேட்டாலின் வழியை ஆத்திரேலியா 1901-இல் பின்பற்றியது. அதிகாரி படிக்கப் படிக்க, ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொற்களை வந்தவர் எழுதல் வேண்டும். எந்த மொழி என்பதைத் தெரிந்தெடுப்பவர் அதிகாரி! 1934-இல் எகான் கிசு என்னும் செக்கு நாட்டு எழுத்தாளர் வந்தார். அவர் வெள்ளையரே, அவர் கொள்கையே அரசுக்குப் பிடிக்கவில்லை. பல ஐரோப்பிய மொழிகளை அறிந்த அவருக்கு இசுக்காட்டுலாந்தின் கேலிக்கு மொழியில் தேர்வு வைத்துத் தோல்வியுறச் செய்தனர். உயர்ந்த வழக்குமன்றமோ அச்சட்டம் கருதிய ஐரோப்பிய மொழிகளுள் கேலிக்கு அடங்காது என்று தீர்ப்பளித்தது. கேலிக்கு மொழியாளர் இதனால் அடைந்த சினத்தை யாரும் எடை போடவில்லை! அத்தேர்வு 1958-இல்தான் ஒழிந்தது.

இன்றைய ஆங்கிலத் தேர்வுகள் அத்தகைய சூழ்ச்சி உடையவை அல்ல. கற்றவன் தேறுவான். ஆனால் எடைக்கல் மாறும். அதுவும், ஏறி நின்றவன் இறங்குமுன்பே மாறும்.

பிரித்தானியா 2021-இல் புதிய புள்ளிமுறையைத் தொடங்கியது. மொத்தம் 70 புள்ளி வேண்டும். அவற்றுள் வேலை தருவோரின் ஒப்புதலுக்கு 20, வேலையின் திறன்நிலைக்கு 20, ஆங்கிலத்துக்கு 10, ஊதியத்துக்கு 20. பொதுவான ஊதிய வரம்பு அன்று ஆண்டுக்கு 25,600 பவுண்டு. 2024 ஏப்பிரலில் அது 38,700 ஆயிற்று. 2025 சூலையில் 41,700 ஆயிற்று. புதிதாகக் கல்வி முடித்தார்க்குச் சற்றுக் குறைந்த வரம்பு உண்டு. அதுவும் உயர்ந்தே வந்தது. 2026 சனவரி முதல் திறனாளராகப் புதிதாக வேண்டுகை விடுப்போர்க்கு ஆங்கிலத் தேர்வின் படிநிலையும் உயர்த்தப்பட்டது. அங்குப் பட்டம் பெற்றோர் வேலை தேடித் தங்குவதற்கு 2021-இல் ஈராண்டு தரப்பட்டது. 2027 சனவரி முதல் வேண்டுவோர்க்கு, முனைவர் பட்டம் பெற்றாரை விடுத்து, அது 18 திங்களாகக் குறையும் என்று அறிவித்துள்ளனர்.

2023-இல் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து மகனை அனுப்பிய தந்தை எந்த வரம்பைப் பார்த்து அனுப்பினார்? மகன் படிப்பை முடித்து வெளியே வந்தபோது எந்த வரம்பு நின்றது? வரம்பு ஏறியதற்காகக் கடனுக்குரிய வட்டி இறங்கவில்லையே! அந்நாட்டு அரசைக் குறை சொல்லிப் பயனில்லை. தன் வீட்டுக் கதவை எந்நேரம் திறப்பது, எந்நேரம் சாத்துவது என்பது வீட்டுக்காரன் உரிமை. கதவு என்றும் ஒரே அளவில் திறந்திருக்கும் என்று சொல்லிக் கட்டணம் வாங்குகின்ற இடைத்தரகர்களே கேட்கப்பட வேண்டியவர்கள். (அமெரிக்காவிலோ இத்தகைய புள்ளியே இல்லை. திறனாளர் வேலைக்கு இசைவு பெறுவார் பல்லாண்டுகள் உத்திரமேரூர்க் குடவோலையை ஒத்த குலுக்கலை நம்பியிருந்தனர். அங்கும் 2025 செப்டம்பரில், புதிய வேண்டுகைகள் பலவற்றுக்கு 1,00,000 தாலர் கட்டணம் என்று ஆணை பிறந்தது.)

எடை போட முடியாதவர்களும் உண்டு. 1986 ஆகத்தில் கனடாவின் நியூபவுண்டுலாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர் தத்தளித்துக்கொண்டிருந்தனர். மீனவர் கண்டு காத்தனர். அவர்களுக்கு எந்தப் பட்டியலிலும் புள்ளி இல்லை. 1983-க்குப் பின் அவ்வாறு ஏதிலியராய்ச் சென்று சேர்ந்தவர்களே அந்நாட்டில் தமிழ்ப் பள்ளிகளையும் இதழ்களையும் பெருமளவில் வளர்த்தெடுத்தனர். கனடா நாடாளுமன்றம் 2016-இல் சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டதற்கு அடித்தளம் இட்டவர்கள் அவர்கள். புள்ளி பெற்றுச் சென்ற பொறிஞர் பலர் தம் மக்களுக்குத் தமிழ் கற்பிக்க அப்பள்ளிகளின் வாயிலில்தான் நிற்கின்றனர்.

இனி, அதே கனடாவில் பிரெஞ்சு மொழியின் நிலையைப் பாருங்கள். கியூபெக்கு என்பது தனி நாடு அன்று. கூட்டாட்சியில் ஓர் உறுப்பு மாநிலம். 1977-இல் பிரெஞ்சையே ஆட்சிக்கும் பணியிடத்துக்கும் உரிய மொழியாக்கிச் சட்டம் இயற்றியது. 1978-இல் நடுவணரசோடு உடன்படிக்கை செய்து, தன் மண்ணில் குடியேறும் திறனாளரைத் தானே தெரிந்தெடுக்கும் உரிமையைப் பெற்றது. நடுவணரசும் இன்று பிரெஞ்சு அறிந்தோர்க்குத் தனிச் சுற்று நடத்துகின்றது. 1,200 புள்ளிக்குக் கணக்கிடும் அதன் இரண்டாம் பட்டியலில், 2024 பிப்ரவரியில் பொதுச் சுற்றுக்கு 500-க்கு மேல் வேண்டியிருந்தது. பிரெஞ்சு அறிந்தார்க்கோ 336 போதுமானதாயிற்று. பிரெஞ்சு ஆங்கிலத்தினும் இனியது என்பதற்காகவா அச்சலுகை? இல்லை. அம்மொழி பேசுவோர் அதனைத் தம் அலுவலகத்திலும் ஆலையிலும் கட்டாயமாக்கி வைத்திருக்கின்றனர். வீட்டில் எடை உள்ள மொழிக்கு வெளியிலும் எடை உண்டு.

அப்படியானால் தமிழுக்கு எங்கேனும் புள்ளி உண்டா? உண்டு. வியப்பாக இருக்கும்; அது ஆத்திரேலியாவில் உண்டு. தேறுவதற்கு 65 புள்ளி வேண்டும் அந்நாட்டில், குடிமக்கள் பேசும் பிற மொழிகளுள் ஒன்றில் தேர்ச்சி பெற்றார்க்கு 5 புள்ளி தருகின்றனர். அம்மொழிகளுள் தமிழ் ஒன்று. நாட்டி எனச் சுருக்கமாக வழங்கும் மொழிபெயர்ப்பாளர் ஏற்பு நிறுவனம் அத்தேர்வை நடத்துகின்றது. ஆங்கிலம் பேசும் ஒருவர்க்கும் தமிழ் பேசும் ஒருவர்க்கும் இடையே நடக்கும் இரண்டு உரையாடல்களை, ஏறத்தாழ 300 சொற்கள் கொண்டவை ஒவ்வொன்றும், இரு பக்கமும் வாய்மொழியாகப் பெயர்த்துச் சொல்லல் வேண்டும். மொத்தம் 90-க்கு 63 எடுத்தல் வேண்டும். ஒவ்வோர் உரையாடலிலும் 45-க்கு 29-ஆவது எடுத்தல் வேண்டும். பேசப்படும் பொருள்கள் மருத்துவம், சட்டம், வீட்டு வாடகை, ஈட்டுறுதி, கல்வி, வேலை போன்றவை.

இங்கேதான் தமிழிளைஞன் திணறுகின்றான். மழலைப் பள்ளி தொடங்கி ஆங்கில வழியில் படித்தவன்; வீட்டில் பாதிக்குப் பாதி ஆங்கிலம் கலந்து பேசியவன். 'குருதியழுத்தம்' என்று அவனுக்குச் சொல்ல வரவில்லை. 'மகப்பேற்று விடுப்பு', 'பிணை', 'இழப்பீடு', 'முன்பணம்' எல்லாம் அவனுக்கு அயற்சொற்களாகத் தோன்றுகின்றன. "தமிழ் சோறு போடுமா?" என்று இவ்வூரில் கேட்டவன், மெல்போர்னில் கட்டணம் செலுத்தித் தமிழ்ச்சொல் கற்கின்றான்.

தமிழ்நாட்டிலும் ஓரிரு எடைக்கற்கள் வைக்கப்பட்டுள்ளன. 2010-ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்வழியில் கற்றார்க்கு அரசுப் பணி நேரடித் தெரிவில் 20 விழுக்காடு முன்னுரிமை தந்தது. 2021 திசம்பர் ஆணைப்படி, மாநிலப் பணித் தேர்வுகளில் தமிழ்த்தாள் கட்டாயம். அதில் 40 விழுக்காடு எடாதவரின் மற்றத் தாள்கள் பார்க்கப்படா. இவை நல்லன. ஆனால் அரசு அலுவலக வாயிலோடு இவை நின்றுவிடுகின்றன. அம்பத்தூரில் ஒரு தனியார் பணிமனைக்கு, தமிழரே தேர்ந்தெடுப்போராக அமர்ந்து தமிழரையே வினவும் நேர்காணல்கூடப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றது. அங்குத் தமிழுக்கு ஐந்து புள்ளியும் இல்லை. அரைப் புள்ளியும் இல்லை.

இவ்வூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் இருக்கின்றனர். ஞாயிறுதோறும் மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், மருத்துவமனை, வழக்குமன்றம், வங்கி, பணியிடம் ஆகியவற்றில் வழங்கும் தமிழ்ச்சொற்களை இளைஞர்க்கு உரையாடல் வழியே கற்பித்துவிடலாம். அவ்வகுப்பில் போகின்றவனும் வரலாம், போகாதவனும் வரலாம். போகின்றவனுக்கு அங்கே ஐந்து புள்ளி. போகாதவனுக்கு இங்கே தமிழ்த்தாள். வகுப்புக்கு இடமும் கரும்பலகையும் தர விரும்புவோர் கூட்டம் முடிந்தவுடன் தம் பெயரைப் பதிந்து செல்க.