காணும் கருவியும் காக்கும் கையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆரியசாலையில் வாழும் நமக்குத் தம்பானூர்ப் புகைவண்டி நிலையமும் பேருந்து நிலையமும் கூப்பிடு தூரத்தில் உள்ளன. வேலைக்கும் கல்விக்குமாக நம் வீட்டுப் பெண்கள் பாறசாலை, குழித்துறை, நாகர்கோவில் என்று சென்று திரும்பும் வழி அது. ஆகவே, வண்டிகளில் காமிரா வைத்தால் அச்சம் தீர்ந்துவிடுமா என்பது நமக்குச் செய்தித்தாள் வினா அன்று, வீட்டு வினா.

2011 பிப்ரவரி 1ஆம் நாள், எர்ணாகுளம்–ஷொறணூர்ப் பாசஞ்சரின் மகளிர் பெட்டியில் தனித்திருந்த இளம்பெண் ஒருத்தி தாக்கப்பட்டாள். ஐந்து நாள் கழித்து உயிர் நீத்தாள். அடுத்த பெட்டியில் இருந்தோர் செவியில் அவள் அலறல் விழுந்தது. அபாயச் சங்கிலியும் இருந்தது. அதை இழுக்க முனைந்த ஒருவரை, அந்தப் பெண் குதித்துத் தப்பிவிட்டாள், வீணாக எல்லோரும் நீதிமன்றம் ஏற நேரும் என்று சொல்லி மற்றொருவர் தடுத்துவிட்டார் எனச் சாட்சியம் கூறுகின்றது. கருவி இல்லாமற் போன குறையன்று அது. கை நீளாமற் போன குறை.

2016 ஜூன் 24இல் சென்னை நுங்கம்பாக்கம் நிலையத்தில், பட்டப்பகலில், பயணிகள் கண்முன்னே ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். அந்த நிலையத்தில் ஒரு காமிராகூட இல்லை. காவல்துறையினர் அண்டைத் தெருவின் காமிராக்களை நாடவேண்டியதாயிற்று.

இன்றோ கருவிகள் பெருகிவிட்டன. 2022இல் சென்னை மாநகரப் பேருந்துகளில் நிர்பயா நிதியைக் கொண்டு, பேருந்து ஒன்றுக்கு மூன்று காமிராக்களும் நான்கு அபாயப் பொத்தான்களும் பொருத்தத் தொடங்கினர். பொத்தானை அழுத்தினால் கட்டுப்பாட்டு அறைக்கு எச்சரிக்கை சென்றுவிடும். 2025 ஜூலையில் இரயில்வே அமைச்சகம் 74,000 பெட்டிகளிலும் 15,000 எஞ்சின்களிலும் காமிரா வைக்க முடிவு செய்தது. பெட்டிக்கு நான்கு, அவையும் வாயில்களின் அருகே மட்டும். அமர்ந்திருப்போரின் அந்தரங்கத்தை மதித்துச் செய்த ஏற்பாடு இது, போற்றத்தக்கது.

ஆயிரம் திரைகளை ஒரு மனிதன் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. எனவே காட்சியைத் தானே ஆராய்ந்து ஐயத்திற்குரியதைச் சுட்டும் இயந்திரங்கள் வந்துள்ளன. நம் திருவிதாங்கூரில் 1938இல் அரசுப் பேருந்தைத் தொடங்கியபோது, அதை நடத்த லண்டன் போக்குவரத்து நிறுவனத்திலிருந்து சால்ட்டர் என்பாரை வரவழைத்தார்கள். அந்த லண்டனையே இதிலும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அங்கே வில்ஸ்டன் கிரீன் நிலையத்தில் 2022 அக்டோபர் முதல் ஓராண்டு இதைச் சோதித்தனர். 44,000க்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் எழுந்தன; அவற்றுள் 19,000 உடனுக்குடன் ஊழியர் கைக்குச் சேர்ந்தன. தண்டவாளத்தருகே சென்றவரையும் தவறி விழுந்தவரையும் கண்டறிய முயன்ற அதே இயந்திரம், பெற்றோரின் பின்னே வாயிலைக் கடந்த குழந்தைகளைச் சீட்டில்லாப் பயணிகள் என்று கருதியது. சினத்தை அறியும் திறன் இல்லாமையால், கைகளைத் தூக்குவதையே வன்முறையின் அடையாளமாகக் கொண்டது. சாலைக் கடைத்தெருவின் மூட்டையை மேற்பலகையிலிருந்து இறக்கும் நம்மவர் எல்லோரும் அதன் கணக்கில் சண்டைக்காரர்களே!

இத்தகைய பிழைகள் நாளடைவில் திருந்தும். எனக்குக் கவலை தருவது வேறொன்று. பாறசாலை கேரளத்தின் கடைசி நிலையம், அதன்பின் தமிழ்நாடு. இருப்புப்பாதை முழுவதும் திருவனந்தபுரம் கோட்டத்தைச் சேர்ந்தது. இரயில்வே போலீசோ இரண்டு அரசுகளைச் சேர்ந்தது. மாலை வண்டியில் எல்லைக்கு அப்பால் ஓர் எச்சரிக்கை எழுந்தால், எவர் மேசையில் மணி அடிக்கும்? அடுத்த நிலையத்தில் எவர் வந்து நிற்பார்? பேருந்துக்குக் களியக்காவிளையிலும் இதே வினாதான்.

கோட்ட மேலாளருக்கு நம் சங்கம் விண்ணப்பம் ஒன்று எழுத வேண்டுகிறேன். எத்தனை காமிரா வைத்தீர்கள் என்று அதில் கேட்கவேண்டியதில்லை. இரவு எட்டு மணிக்கு, குழித்துறையில், எச்சரிக்கை கேட்டு ஓடிவரும் காவலர் யார், எத்தனை நிமிடத்தில் வருவார் என்று கேட்போம். நாள்தோறும் அவ்வழியே வரும் நம் பெண்கள் அதில் முதலில் கையொப்பமிடட்டும்.