உதவியல்ல, ஊதியம்



ஆய்வு மாணவருக்குத் தரும் பணத்துக்கு ‘உதவித்தொகை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் உழைக்கிறோம், வகுப்பெடுக்கிறோம், விடைத்தாள் திருத்துகிறோம். பணம் மட்டும் உதவியாம். உதவியென்றால் தாமதிக்கலாம், நிறுத்தலாம், கேட்பவர் நன்றிகெட்டவர்.

ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலா விட்டுச்சென்ற கடிதத்தில் ஒரு கணக்கு இருந்தது. ஏழு மாத உதவித்தொகை, 1,75,000 ரூபாய், வரவேண்டியிருக்கிறது. அது குடும்பத்துக்குச் சேரவேண்டும். ஒரு நண்பருக்கு 40,000 ரூபாய் கொடுக்கவேண்டும். சொத்துள்ள வீட்டுப் பிள்ளை ஏழு மாதம் தாங்கிவிடுவார். நம் வீடுகளில் அந்தப் பணத்தை நம்பித்தான் உலை கொதிக்கிறது.

2022 நவம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சுமார் 48,000 பேர், பெரும்பகுதி ஆய்வு மாணவர்கள், சங்கமாகத் திரண்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறத்தாழ ஆறு வாரத்தில் ஊதிய உயர்வு ஒப்பந்தமாக எழுதப்பட்டது.

களத்தில் அளந்த நெல்லையும் ஆண்டை ‘கொடுத்தேன்’ என்றுதான் சொன்னார். அது கூலி என்று நிலைநாட்டச் சங்கம் தேவைப்பட்டது. நமக்கும் தேவை. மாதம் பிறந்தால் பணம் வரவேண்டும். வராவிட்டால் காரணம் எழுத்தில் வேண்டும். இங்கிருந்து தொடங்குவோம்.

ஜெய்பீம்.