வாய் திறக்காத மாணவி
(ஆனைமலை வட்டார ஆசிரியர் கூட்டத்தில் பேசியது)



பிளஸ் டூ மாணவி ஒருத்தியிடம் இரண்டு நாள் தொடர்ந்து கேள்வி கேட்டேன். பதிலே இல்லை. கன்னத்தில் கையை வைத்தபடி குனிந்து நின்றாள். படிக்காமல் வந்திருக்கிறாள் என்று கடிந்துகொண்டேன். மூன்றாம் நாள் பக்கத்துப் பெண் எழுந்து, "அவளுக்கு வாயே தொறக்க முடியலீங்க சார்" என்றாள். இரண்டு நாளும் வெறும் கஞ்சிதானாம். வீட்டில் புகையிலையைக் கிள்ளி ஈறில் அடக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தபோது விஷயம் தெரிந்தது. கீழ்த் தாடையின் ஞானப்பல் நேராக முளைக்க இடமில்லாமல், முன் பல்லின் மேல் சாய்ந்து பாதியில் நின்றுவிட்டது. மீதியை மூடிய ஈறுக்கடியில் உணவு தங்கிச் சீழ் பிடித்திருந்தது. பல்லை எடுக்க வேண்டும் என்றதும் அப்பா தயங்கினார். பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயம். பல்லுக்கும் பார்வைக்கும் போகும் நரம்புகள் வேறு வேறு என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்ன பிறகே சம்மதித்தார்.

ஞானப்பல் வலித்தாவது காட்டிக்கொடுக்கும். சிறு வயதில் சிக்கும் கடைவாய்ப்பல் பெரும்பாலும் வலிப்பதில்லை. முதல் கடைவாய்ப்பல் ஆறு வயதில், அதாவது ஒன்றாம் வகுப்பில் வரும். எந்தப் பல்லும் விழாமல் பின்னால் முளைப்பதால் பெற்றோர் அதைப் பால் பல் என்றே நினைக்கிறார்கள். சில குழந்தைகளுக்கு அது முன்னாலுள்ள பால் பல்லில் முட்டி நின்று, அதன் வேரைக் கரைத்துவிடும். இரண்டாவது கடைவாய்ப்பல் பன்னிரண்டு வயதை ஒட்டி வரும். ஒரு பக்கம் வந்து ஆறு மாதமாகியும் மறுபக்கம் வரவில்லை என்றால் காட்டிவிட வேண்டும். வேர் முழுதாக வளரும் முன் தெரிந்தால், கம்பி போட்டே நிமிர்த்திவிட வாய்ப்பு அதிகம்.

நாம் யார் வாயிலும் கை விட வேண்டியதில்லை. ஒரே பக்கமாக மெல்லும் பிள்ளை யார், சத்துணவைப் பாதியில் வைப்பது யார் என்பது நமக்குத்தான் தெரியும். 2013 முதல் நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் பதினெட்டு வயது வரை பல்லும் பார்க்கிறார்கள். ஆனால் வரிசையில் வரும் பிள்ளை தானாக எதையும் சொல்லாது. குழு வரும் நாளில் அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள். நான் இப்போது வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வைக்கிறேன்.