தனித் தோணியிற் பரவைக்கடலில்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்து கடலைக் காணாது வளர்ந்தவர் எவருமிலர். எந்த ஊரில் நின்றும் வடக்கேயோ தெற்கேயோ நடந்தால், சில மணி நேரத்தில் ஒரு கரை வந்துவிடும். ஆயினும், தொழிலுக்காகக் கடலுக்குச் செல்வோரை நீக்கிப் பார்த்தால், ஒரு சிறு தோணியைத் தாமே செலுத்தி, ஓரிரவு ஒரு மணற்றிட்டியிலே தங்கி, மறுநாள் வீடு திரும்பியவர் மிகச் சிலரே. வாசலிற் கிடக்கும் நீரை நாம் பாலத்தின் மேலிருந்து பார்க்கிறோம். அதனுட் சென்று பார்ப்பதில்லை.

மேனாடுகளிலே தனித் தோணிப் பயணம் பலராலும் விரும்பப்படும் ஒரு கலை. ஸ்கொத்லாந்து மரபினரான ஜோன் மக்கிரகர் என்பவர் 1865ஆம் ஆண்டில் ஒரு சிறு தோணியிலே தனியாக ஐரோப்பிய ஆறுகளிலும் ஏரிகளிலும் உலாவி, அதனை நூலாக எழுதினார். அமெரிக்காவில் ஜோர்ஜ் சியர்ஸ் என்ற எழுத்தாளர், நோயால் மெலிந்த உடலோடு, அறுபது வயதைக் கடந்த நிலையில், 1883ஆம் ஆண்டில் அடிரொண்டாக் மலைநாட்டு ஏரிகளிலே 266 மைல் சென்று மீண்டார். அவருடைய தோணியின் நிறை பத்தரை இறாத்தல் மாத்திரமே. ஏரிக்கும் ஏரிக்கும் இடையே அதனைத் தோளிலே சுமந்து நடந்தார். சுமை குறையக் குறையப் பயணம் நீளும் என்பதே அவர் பிறர்க்குக் கற்பித்த பாடம்.

எனினும் இவ்வகைப் பயணிகளுள் நமக்கு அண்மையானவர் ஒருவர் உளர். அவர் நம் நாட்டுக் கரைக்கே வந்து சென்றவர். ஒஸ்கார் ஸ்பெக் என்னும் ஜேர்மானிய இளைஞர், தொழில் இழந்து நின்ற 1932ஆம் ஆண்டில், உல்ம் நகரிலே தன்யூப் ஆற்றில் ஒரு மடக்குப் படகை இறக்கினார். சைப்பிரசிலே சுரங்க வேலை தேடுவதே அவருடைய முதல் எண்ணம். போகப் போகப் பயணமே அவர் வாழ்வாயிற்று. யூப்ரத்தீசு ஆறு, பாரசீக வளைகுடா, இந்தியாவின் மேற்குக் கரை ஆகியவற்றைக் கடந்து, 1935ஆம் ஆண்டில் இலங்கையை அடைந்தார். பின்னர் இந்தியாவின் கிழக்குக் கரையோரமாகச் சென்னைக்கும், அப்பால் வங்காளத்துக்கும் பர்மாவுக்கும் சென்றார். 1939ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்திலே அவுஸ்திரேலியாவின் வடக்கேயுள்ள தொரெஸ் நீரிணைத் தீவொன்றிற் கரையேறியபோது, உலகப் போர் தொடங்கியிருந்தது. ஏழாண்டு தனியே துடுப்பு வலித்து வந்தவர், எதிரி நாட்டவர் என்ற காரணத்தாற் போர் முடியுமட்டும் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார்.

இத்தகைய மனிதரைத் தனிமை வீரர் என்று போற்றுவது வழக்கம். ஆனால் அவருடைய பயணத்தை ஊன்றி நோக்குவோர்க்கு வேறோர் உண்மை புலப்படும். பருவக் காற்று மாறுமட்டும் அவர் மாதக்கணக்காகக் கரையிலே காத்திருந்தார். மலேரியாக் காய்ச்சல் வந்தபோது தங்க இடம் தந்தவர்கள் கரையோர மக்களே. இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த ஒரு தீவில் அவரைத் தாக்கிக் கட்டிவைத்தோர் இருந்தது உண்மை. ஆயினும் அவருக்கு உணவும் நீரும் வழியும் காட்டியோர் தொகையே பெரிது. தோணியில் இருந்தவர் ஒருவர். அதனைச் செலுத்திய அறிவு பலருடையது.

நம்மவர் வரலாறும் இதனையே சொல்லும். முருகுப்பிள்ளை நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டிலே பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971ஆம் ஆண்டிலே அதனைப் போகவும் வரவும் நீந்தினார். நீந்தியவர் ஒருவரே, உடன்வந்த படகில் நீரோட்டம் பார்த்தோரும் உணவு ஊட்டியோரும் பலர். அதே ஆனந்தன் 1984ஆம் ஆண்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்று உயிர்நீத்தார் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். முன்னைய சாதனை எதனையும் கடல் கணக்கில் எடுப்பதில்லை.

இனி, நமது பரவைக்கடலைப் பார்ப்போம். குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் இடையே ஏறத்தாழ 400 சதுர கிலோமீற்றர் பரந்து கிடக்கும் யாழ்ப்பாணக் கடனீரேரி, பெரும்பாலான இடங்களில் ஆழங் குறைந்தது. பல இடங்களில் ஒருவர் இறங்கி நிற்கலாம். இதனாலேதான் துடுப்போடு நீண்ட மரக்கோலும் இங்கு தோணியின் உறுப்பாயிற்று. கோலை ஊன்றித் தோணியைத் தாங்கிச் செல்பவனுக்கு, ஒவ்வோர் ஊன்றலிலும் ஆழமும் தெரியும், அடியிலிருப்பது மணலா சேறா என்பதும் தெரியும். ஆழமறியாமற் காலை விடாதே என்ற முதுமொழியை இக் கடலிற் கைப்பிடிப்பது எளிது. கோல் கையில் இருக்கிறது.

ஆனால் ஆழங் குறைந்த கடல் தீங்கற்ற கடல் என எண்ணுதல் பெரும் பிழை. காற்று எழும்போது ஆழமற்ற நீரிலே அலைகள் குறுகிச் செங்குத்தாக எழும். பெருங்கடலின் நீண்ட அலையில் ஏறி இறங்கும் தோணி, இங்கே அடுத்தடுத்து வரும் சிற்றலைகளால் நீர் நிறைந்து கவிழும். கவிழ்ந்தவர் இடுப்பளவு நீரிலே நின்றாலும், கால் புதையும் சேற்றில் நடக்க முடியாது தவிப்பார். ஆகவே முதல் விதி இது: தோணி கவிழினும் அதனை விட்டு விலகலாகாது. கவிழ்ந்த தோணியை நிமிர்த்தி, நீரை இறைத்து, மீண்டும் ஏறும் பயிற்சியைக் கரையருகே, துணையொருவர் நிற்க, பலமுறை செய்து பழகல் வேண்டும். அது கைவராதவர் தனியே புறப்படலாகாது. நீந்தத் தெரிந்தவரும் உயிர்காப்பு அங்கியைக் கழற்றலாகாது.

காற்றின் பருவத்தை நம் முன்னோர் பெயரிட்டே வைத்தனர். கார்த்திகை, மார்கழியில் வாடை. வைகாசி முதல் ஆவணி வரை சோளகம். இவற்றிடையே கொண்டலும் கச்சானும். சோளகம் வீசும் மாதங்களிற் சிறு தோணி எடுத்தல் தகாது. வாடையோடு மழையும் புயலும் வரும். இரண்டுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரை மாதங்களே புதியவர்க்கு ஏற்றவை. அப்பொழுதும் காலையில் ஓய்ந்திருக்கும் காற்று, வெயில் ஏற ஏற வலுக்கும். விடியுமுன் புறப்பட்டு, ஒன்பது பத்து மணிக்குள் கரை சேர்வதே முறை. வானொலியில் நாள்தோறும் வாசிக்கப்படும் வானிலை அறிக்கையில், மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையிலான கடற்பிராந்தியம் பற்றிச் சொல்லப்படும் இரண்டொரு வாக்கியத்தைப் பலர் கேளாது விடுவர். தோணிக்காரருக்கு அதுவே அன்றைய முதற் செய்தி.

ஒருவர் கொழும்புத்துறையிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளாலி வரை, இரண்டு நாட் பயணமாகப் புறப்படுகிறார் என்று கொள்வோம். தூரம் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். அவர் தோணியில் ஏற்றவேண்டியவை எவை? எல்லாவற்றிலும் முதன்மையானது நன்னீர். நாற்புறமும் நீர் சூழ்ந்திருந்தும், குடிக்க ஒரு மிடறும் இல்லாத இடம் பரவைக்கடல். திட்டிகளிற் கிணறு இராது, இருப்பினும் உவராகலாம். நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் வீதம் கணக்கிட்டு, அதற்கு மேலும் ஒரு நாளுக்கான நீரை, ஒரே கலத்தில் அன்றி இரண்டு மூன்று கலங்களிற் பிரித்து வைத்தல் வேண்டும். ஒன்று கசிந்தாலும் மற்றொன்று காக்கும்.

உணவுக்கு மேனாட்டுத் தகரப் பேணிகளைத் தேடவேண்டியதில்லை. பனை நமக்குத் தந்தவையே போதும். புழுக்கொடியல் மாதக்கணக்கிற் கெடாது, அடுப்பும் வேண்டாது. பனாட்டும் பனங்கட்டியும் களைத்த உடலுக்கு விரைவில் வலுவூட்டும். அவலை நனைத்தால் ஒரு வேளை உணவாகிவிடும். இவற்றோடு வெயிலுக்கும் பனிக்குமாக ஒரு படங்கு, கயிறு, சிறு நங்கூரம், நீர் இறைக்க ஒரு சிரட்டையோ வாளியோ, கைவிளக்கு, நீர் புகாத உறையிலிட்ட கைத்தொலைபேசி, காயத்துக்கு மருந்து. அவ்வளவே. நிறையைத் தோணியின் நடுவிலே தாழ்வாக வைத்துக் கட்டிவிடல் வேண்டும்.

பொருள்களை விட முக்கியமானது சொல்லிச் செல்லுதல். எந்தக் கரையிலிருந்து எப்போது புறப்படுகிறார், எங்கே தங்குவார், எந்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் தேடவேண்டும் என்பதை வீட்டாருக்கும், அவ்வூர்க் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும், கடற்படையினருக்கும் எழுதிக் கொடுத்துச் செல்வது நன்று. கிழக்கே சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டு முதல் பறவைகளின் புகலிடமாகவும், 2015ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாகவும் பேணப்படுவது. அத்தகைய இடங்களில் அனுமதியின்றி இரவு தங்கலாகாது.

இனித் தோணி நகர்கிறது. அரியாலைக் கரையின் விளக்குகள் பின்னே மங்குகின்றன. நீரிலே வரிசையாகத் தடிகள் தெரிகின்றன. அவை களங்கண்டி வலைகள். சில இடங்களிற் கடலட்டைப் பண்ணைகளின் வேலிகளும் உண்டு. அவை ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் சோறு. குறுக்கே புகாமற் சுற்றிச் செல்வதே பண்பு. இரவிற் செல்லாமைக்கு அவையே போதிய காரணமுமாகும். தனங்கிளப்புப் பக்கம் நெருங்கும்போது, ஆழமற்ற நீரில் நாரைகளும், பருவமாயிற் பூநாரைகளும் கூட்டமாக நிற்கக் காணலாம். இயந்திரப் படகின் ஒலிக்குத் தொலைவிலேயே எழுந்து பறப்பவை, கோல் ஊன்றிவரும் தோணிக்குச் சற்றுப் பொறுத்திருக்கும். அவற்றின் இரைதேடல் கெடாவண்ணம் விலகிச் செல்ல வேண்டியது தோணிக்காரரின் கடன்.

வெயில் ஏறுமுன் கேரதீவுப் பக்கத்திலே கரையேறி, படங்கைக் கட்டி நிழல் செய்துகொள்கிறார். எதிரே சங்குப்பிட்டிப் பாலம். 2011ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டபின் அவ்விடத்தை நிமிடக் கணக்கிற் கடந்துவிடும் வாகனங்களைப் பார்த்துக்கொண்டு, அரை நாளில் வந்த தூரத்தை எண்ணிச் சிரித்துக்கொள்ளலாம். மாலையில் காய்ந்த பன்னாடையும் ஊமலும் கொண்டு ஒரு சிறு தீ. இருள் வந்தபின் அது அணைகிறது. அப்போதுதான் தனிமை வருகிறது. நண்டு மணலில் ஊரும் ஓசையும் பெரிதாகக் கேட்கும். தோணி கயிறறுத்துப் போய்விட்டதோ என்ற ஐயம் இருமுறை எழுப்பும். பழக்கமில்லாதவர்க்கு முதல் இரவு நீளமானது. ஆயினும் விடிவெள்ளி எழும்போது, பேச்சும் வண்டியும் இன்றி ஓர் இரவைத் தாமே காத்தவர் என்ற அமைதி அவர் உள்ளத்தில் இருக்கும். அந்த அமைதியை நாடியே மேனாட்டார் ஏரிகளுக்குச் செல்கின்றனர்.

மறுநாள் காலை கச்சாய்ப் பக்கமிருந்து காற்று மாறினால் என் செய்வது? இதுவே பயணத்தின் உண்மையான பரீட்சை. இன்னும் சில கிலோமீற்றர்தானே என்ற எண்ணமே கடலிற் பலரைக் கொன்றது. பார்க்க எவருமில்லாத இடத்திலே, தோற்றோம் என்ற நாணமின்றி, தோணியைக் கரைக்குத் திருப்புபவரே தனித் தோணிக்குத் தகுதியானவர். துணிவு என்பது புறப்படுவதில் ஒரு பங்கு. திரும்புவதில் இரு பங்கு.

கிளாலி என்ற பெயரைக் கேட்டவுடன் குடாநாட்டில் நடுவயது கடந்த பலருக்கு வேறொரு நினைவு எழும். 1990களின் முற்பகுதியில், தரைவழி அடைபட்ட காலத்தில், குழந்தைகளையும் நோயாளரையும் ஏற்றிக்கொண்டு மக்கள் இரவோடிரவாகச் சிறு படகுகளில் இக் கடலைக் கடந்தனர். கரை சேராதவரும் உளர். அந்த இரவுகளுக்குப் பின், பல பெற்றோர் தம் பிள்ளைகளைப் பரவைக்கடற் பக்கம் போகவிட அஞ்சினர். அச்சம் இயல்பானது. ஆனால் அதன் விளைவாக ஒரு தலைமுறை தன் வாசற் கடலை அறியாமலே வளர்ந்துவிட்டது.

மற்றொரு பக்கம், அறிந்தோரும் குறைந்து வருகின்றனர். மலையாளக் கரையிலிருந்து வந்த, ஒரே மரத்திற் குடைந்த வள்ளங்களின் இடத்தை இன்று கண்ணாடியிழைப் படகுகள் பிடித்துள்ளன. இயந்திரம் வந்தபின் கோல் ஊன்றத் தெரிந்த இளைஞர் அரியர். எந்த வாய்க்காலில் வற்றிலும் நீர் நிற்கும், எந்தத் திட்டியில் மண் இறுகியிருக்கும், எந்த முகிலுக்கு எந்தக் காற்று என்பனவெல்லாம் குருநகரிலும் கச்சாயிலும் கிளாலியிலும் உள்ள சில முதியோர் நெஞ்சில் மட்டுமே இருக்கின்றன. கட்டுமரம் என்ற சொல்லை உலக மொழிகளுக்கு ஈந்த இனம், அந்த அறிவைத் தானே எழுதிவைக்காது விட்டுவிடுமாயின், அது வருந்தத்தக்கதே.

ஆதலால் தனியே தோணியிற் செல்ல விரும்பும் இளைஞர் முதலில் தோணியைத் தேடவேண்டாம். ஒரு முதிய கடற்றொழிலாளரைத் தேடி, அவர் பக்கத்திலே அமரட்டும். ஐயா என்று அழைத்துக் கேட்டால் மறைப்பவர் எவருமிலர். கரையோரப் பாடசாலைகளும், காற்றின் பெயர்களையும் திட்டிகளின் பெயர்களையும் வாய்க்கால்களின் போக்கையும் மாணவரைக் கொண்டு அம் முதியோரிடம் கேட்டு ஓர் ஏட்டிற் பதியலாம். அதற்குப் பணம் வேண்டியதில்லை. சில சனிக்கிழமைகள் போதும். அவ்வேட்டைக் கற்றவர் ஒருநாள் விடியற்காலையிற் கோலை ஊன்றித் தோணியைத் தள்ளும்போது, அதில் இருப்பவர் ஒருவராகவே தோன்றுவார். உடன் செல்வது ஒரு கரையின் அறிவு முழுவதும்.