முடி வெட்டியவர் யார்?



சென்ற ஞாயிறன்று, ஜான்சிக் கடைவீதியில் புதுக் கிராப்புடன் குடியிருப்புக்குத் திரும்பினோம். வேப்பமரத்தடியில் நண்பர்கள் இருவர். "என்ன ஸார், பத்து வயது குறைந்துவிட்டதே!" என்றார் ஒருவர்.

"முடி வெட்டினோம்" என்றோம்.

இந்திப் பள்ளியில் பயிலும் நம் மைந்தன் நகைத்தான். "நீங்களா வெட்டினீர்கள், அப்பா? இந்தியில் தாமே வெட்டினால் 'காட்னா', பிறரைக்கொண்டு வெட்டுவித்தால் 'கட்வானா'. தமிழில் அவ்வேறுபாடு இல்லையா?"

நாம் விழித்தோம். பள்ளியிறுதியில் படித்த இலக்கணம், தலைமுடியைப் போலவே உதிர்ந்துவிட்டிருந்தது. நண்பர்தாம் கைகொடுத்தார்.

"வெட்டுவித்தேன் என்னும் பிறவினை தமிழிலும் உண்டு, தம்பி. ஆனால் கரிகாலன் கல்லணை கட்டினான் என்றே சொல்கிறோம். அவனா கல் சுமந்தான்? ஏவியவன் ஏவுதற் கருத்தா. சுமந்து கட்டியவர் இயற்றுதற் கருத்தா. இருவருக்கும் வினை ஒன்றே."

சிறுவன் சற்றே சிந்தித்தான். "அப்படியானால், 'மகனுக்குத் தமிழ் கற்பித்தேன்' என்று அப்பா எல்லோரிடமும் சொல்வதும் கல்லணை கட்டிய கதைதானா? எழுத்துச் சொல்லித் தந்தவர் அம்மா அல்லவா?"

நண்பர்கள் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவே நன்னூலை விரித்து அவனருகில் அமர்ந்தோம். மூன்றாம் வேற்றுமை இன்னும் முடியவில்லை.