பூம்புகார்: கல்லில் எழுதியதும் எழுதாமல் விட்டதும்

(மாணவர் வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீங்க. கவிதையை இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாம். இன்றைக்குப் பூம்புகாரைப் பற்றிப் பேசுகிறேன். சுற்றுலாத்தலம் என்பதும் ஒரு பிரதிதான். எதைக் காட்டுவது, எதை ஒதுக்குவது என்று அதிகாரத்தில் இருக்கிறவர்கள் முடிவு செய்து எழுதிய பிரதி. சின்ன வயசில் அதைப் படம் பார்ப்பது போலப் பார்த்தோம். இப்போது போனால் எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டியிருக்கிறது.

சீர்காழிப் பக்கத்துச் சேரிகளில் பிறந்த என் வயசுக்காரர்களுக்கு ‘டூர்’ என்றால் பூம்புகார்தான். ஊட்டியும் கொடைக்கானலும் சினிமாவுல பார்த்தது. வருசத்துக்கு ஒரு நாள், காணும் பொங்கலன்று, டிராக்டர் பெட்டியில் தெருவே ஏறும். தூக்குவாளியில் புளிச்சோறு. அறுப்புக்கு வா என்று அன்றைக்கு மட்டும் யாரும் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள்.

எங்க ஊர்க் குளத்தில் எங்க தெருவுக்குப் படித்துறை கிடையாது. மாடு குளிப்பாட்டுகிற மூலையிலதான் இறங்கணும். கடலுக்குப் படித்துறையே இல்லை, அதனால் காவலும் இல்லை. எங்க அம்மா நாற்று பறிக்கப் போகிற பண்ணை வீட்டு அம்மாவும் ஒரு வருசம் அதே அலையில் நின்றது. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சுக்கிட்டாங்க. மறுநாள் அந்தம்மா வழக்கம்போலக் கொல்லைப்புறமாகத்தான் அம்மாவைக் கூப்பிட்டது.

இதைக் கடலின் சமத்துவம் என்று கவிதை எழுதிவிடலாம். நான் எழுத மாட்டேன். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாத்தில் சவதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். பிறகு சாதி இந்துக்கள் மாட்டுச் சாணியும் மூத்திரமும் ஊற்றி அந்தக் குளத்துக்குத் ‘தீட்டு’ கழித்தார்கள். கடல் பெரிசு. அதற்குத் தீட்டுக் கழிக்க அவ்வளவு சாணிக்கு எங்கே போவார்கள்? அதனால்தான் விட்டார்கள்.

அந்தக் கடல் 2004 டிசம்பர் 26 அன்று உள்ளே வந்தது. அப்போது பூம்புகார் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. 2020-லிருந்துதான் மயிலாடுதுறை மாவட்டம். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். பிணங்களை அகற்ற வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். அந்த வேலைக்கு யாரைத் தேடுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முகாம்களில் தலித்துகளை ஒதுக்கியதையும், தண்ணீரிலும் நிவாரணத்திலும் பாகுபாடு நடந்ததையும் மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. படகும் வலையும் போனவர்களின் இழப்பு கணக்கில் ஏறியது. உப்பு ஏறிப்போன வயலில் கூலி வேலை போனவளுக்கு எந்தக் கணக்கு? சொந்த நிலம் இல்லை, படகு இல்லை, ஆகவே இழப்பும் இல்லை என்றானது. மீனவத் தோழர்களை எதிரியாக நிறுத்த இதைச் சொல்லவில்லை. அவர்கள் பறிகொடுத்தது ரொம்பப் பெரிசு. ஒரே அலையில் அடிபட்ட இரண்டு உழைக்கும் கூட்டத்தைக் கரையில் வைத்துப் பிரிக்கச் சாதிக்கு முடிகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

இனி அந்தக் கட்டடங்களுக்கு வருவோம். ஏழுநிலை மாடமாக நிற்கும் சிலப்பதிகாரக் கலைக்கூடம், பாவை மன்றம், இலஞ்சி மன்றம், நெடுங்கல் மன்றம், சங்கு, சிப்பி வடிவத்தில் தங்கும் அறைகள் என்று இந்தச் சுற்றுலா வளாகம் 1973-ல் கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது உருவானது. அந்தச் சங்கு வீடு நிஜச் சங்கு என்றே சின்னப் பிள்ளையில் நம்பிக்கொண்டிருந்தேன். கலைக்கூடத்துச் சுவர் முழுக்கக் கண்ணகி கதை. காலில் சிலம்போடு புகாரை விட்டுக் கிளம்புகிறாள், கையில் சிலம்போடு பாண்டியன் சபையில் நியாயம் கேட்கிறாள். தப்பாகத் தீர்ப்புச் சொன்ன ராசா அந்த இடத்திலேயே உயிரை விடுகிறான்.

போன வருசம் அந்தச் சிற்பத்துக்கு முன்னால் நின்றபோது 1973 என்ற வருசம்தான் உறுத்தியது. 1968 சனவரியில் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு, மெரினாவில் கண்ணகிக்குச் சிலை. அதே வருசம் டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். கேட்டது கூலியாகக் கொஞ்சம் கூடுதல் நெல். புகாரும் வெண்மணியும் அன்றைக்கு ஒரே தஞ்சாவூர் மாவட்டம். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973-ல் விடுதலை செய்தது. பெரிய நிலக்காரர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினமாம்!

நீதி கேட்டவளுக்குக் கல்லில் மாளிகை கட்டிய அதே வருசம், அதே மண்ணில் நீதி கேட்டவர்களுக்குக் கிடைத்த தீர்ப்பு இது. கண்ணகியை நான் குறைத்துப் பேசவில்லை. அவள் கேட்ட கேள்வி நம்முடைய கேள்வி. தமிழ்ப் பெருமிதம் அவளைச் சிலையாக்கிவிட்டு, அந்தக் கேள்வியை 2 ஆயிரம் வருசத்துக்கு முந்தின மதுரையோடு முடித்துக்கொண்டது.

இலக்கியத்திலும் புகார் ஒரே ஊராக இல்லை. கடலோரம் மருவூர்ப்பாக்கம். மீன் விற்கிறவர், உப்பு விற்கிறவர், தச்சர், கொல்லர், குயவர், தோல் வேலை செய்கிறவர் எல்லாம் அங்கே. உள்ளே தள்ளிப் பட்டினப்பாக்கம். அரச வீதியும், வணிகர் தெருவும், பார்ப்பனர் இருக்கையும் அங்கே. சுற்றுலா நமக்குக் காட்டுவது பட்டினப்பாக்கத்துப் பெருமையை. நாளைக்கு எழுதப்போகிற தோழர்கள் மருவூர்ப்பாக்கத்திலிருந்து புகாரை மறுவாசிப்புச் செய்ய வேண்டும்.

அப்படி வாசித்தால் மணிமேகலை முன்னால் வருவாள். கலைக்கூடத்துக் கதை சிலம்போடு நின்றுவிடுகிறது. மாதவியின் மகள் இதே புகாரில் துறவியாகி, பசித்தவர்களுக்குச் சோறு போட்டாள். அரசனிடம் வரமாகக் கேட்டது, சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்று என்பதை. பிறப்பைச் சொல்லி இழித்த பார்ப்பனர்களிடம், உங்கள் ரிஷிகளின் பிறப்பு என்னவென்று ஆபுத்திரன் திருப்பிக் கேட்பதும் அந்தக் காப்பியத்தில்தான்.

இது வெறும் கதை இல்லை. கடற்கரையிலிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் மேலையூர். அங்கே பல்லவனீச்சுரத்தில் 1960-களில் தொல்லியல் துறை தோண்டியபோது ஒரு பௌத்த விகாரையின் செங்கல் அடித்தளம் வெளிவந்தது. கல்லில் செதுக்கிய புத்த பாதமும் கிடைத்தது. 5ஆம் நூற்றாண்டில் புத்ததத்தர் காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் தங்கிப் பாலியில் நூல் எழுதியிருக்கிறார். பாலி படிக்கிற நாடுகளில் அவர் பெயர் தெரியும். பக்கத்துச் சேரியில் பிறந்த எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. 1898-ல் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதர், நாம் இந்த மண்ணின் பூர்வ பௌத்தர்கள் என்று எழுதி எழுதியே ஓய்ந்தார். அவரைப் படித்த பிறகுதான் மேலையூருக்கு வழி கேட்டுப் போனேன். கடற்கரையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். விகாரையில் ஆடு மேய்க்கிற ஒரு ஆயா மட்டும். “இது எந்தச் சாமி எடம் ஆயா?” என்றேன். “சாமி இல்லப்பா. படிக்கிறவங்க இருந்த எடமாம்” என்றது. எந்தப் பலகையையும்விட அது சரியாகத்தான் சொன்னது.

பூம்புகாரைப் புதுப்பிக்க அரசு கோடிக்கணக்கில் ஒதுக்கியிருக்கிறது. புதுப்பிக்கட்டும். கலைக்கூடத்தில் மணிமேகலைக்கு ஒரு சுவர் கேட்போம். மேலையூர் விகாரைக்குக் கடற்கரையிலிருந்து வழிகாட்டிப் பலகை கேட்போம். அங்கே கிடைத்தவை பற்றிப் பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கிற மாதிரித் தமிழில் ஒரு சிறு நூல் கேட்போம். கேட்டதும் கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை. மனுவில் நம் கையெழுத்து இருக்க வேண்டும்.

இன்னொரு யோசனை. டிசம்பர் 25 நாம் வெண்மணிக்குப் போகிறோம். மறுநாள் 26 ஆழிப்பேரலையில் செத்தவர்களுக்காகக் கடற்கரை மக்கள் அஞ்சலி செலுத்துகிற நாள். வெண்மணியிலிருந்து அப்படியே ஊர் திரும்பாமல் பூம்புகாருக்குப் போவோம். மீனவத் தோழர்களோடு கரையில் நிற்போம். பிறகு மேலையூர் விகாரையில் உட்கார்ந்து, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய பகுதியைச் சத்தமாக வாசிப்போம். சாப்பாடு அவரவர் கட்டிக்கொண்டு வரலாம். ஒரு பேருந்துக்கு 50 பேர் வேண்டும். வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.