பேச்சு தேயும்போது ஸ்கேன் சொல்வது என்ன?

நான் டாக்டர் அல்ல. பௌதிகம் படித்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். எழுபதைத் தாண்டியவன் என்பதால் இந்த விஷயத்தில் அக்கறை அதிகம்.

நம் வயதில் பெயர் மறப்பது சகஜம். ஆனால் ஞாபகமும் காரியங்களும் சரியாக இருக்க, பேச்சு மட்டும் மாதாமாதம் நலிந்துகொண்டே போனால் அது வேறு சமாசாரம். பக்கவாதத்தில் பேச்சு திடீரென்று போகும். இதில் மெல்லத் தேயும். 1982-இல் அமெரிக்க டாக்டர் மார்செல் மெசுலம் இப்படிப்பட்ட ஆறு பேரை விவரித்தார். 'பிரைமரி ப்ரோக்ரஸிவ் அஃபேஸியா' என்று இதற்குப் பெயர்.

2011-இல் நிபுணர்கள் இதை மூன்றாக வகுத்தார்கள். முதல் வகையில் பேச்சு திணறும், இலக்கணம் சிதையும், எம்.ஆர்.ஐ.யில் இடது முன்மூளையின் பின்பகுதி சுருங்கித் தெரியும். இரண்டாவதில் சரளமாகப் பேசுவார், ஆனால் "கரண்டி என்றால் என்ன?" என்பார், இங்கே சுருங்குவது பொட்டுமடலின் முன்முனை. மூன்றாவதில் சொல் அகப்படாமல் நின்று நின்று பேசுவார், நீண்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல வராது. பாதிப்பு இடதுபுறம் பின்னால். இதற்குக் காரணம் பெரும்பாலும் அல்சைமர் நோயே.

பெட் ஸ்கேனில், லேசான கதிரியக்கமுள்ள குளுகோஸை ஊசி மூலம் செலுத்துகிறார்கள். வேலை குறைந்த பகுதி அதைக் குறைவாக எடுத்துக்கொள்ளும். சுருக்கம் தெளிவாகத் தெரியாதபோதும் இது துப்புக் கொடுக்கலாம்.

ஆனால் படம் மட்டும் போதாது. ஆரம்பத்தில் எம்.ஆர்.ஐ. ஏறக்குறைய சரியாகவே இருக்கக்கூடும். முதலில் பேச்சைச் சோதித்து வகையைக் கணிக்க வேண்டும். படம் அதற்குச் சாட்சி. வெளிமாநிலங்களில் வசிக்கும் நாம் இதைக் கவனிக்க வேண்டும். ஆத்தில் தமிழ் மட்டுமே பேசிய மாமியை ஹிந்தியில் சோதித்தால், தடுமாற்றம் நோயாலா, பாஷையாலா என்று எப்படித் தெரியும்? தமிழ் தெரிந்த பேச்சுப் பயிற்சி நிபுணரைக் கேட்டு வாங்குங்கள்.

குணமாக்கும் மருந்து இல்லையே, பின் எதற்கு இத்தனை சோதனை என்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், "அப்பா வேணும்னே பதில் சொல்ல மாட்டேங்கறார்" என்று இரண்டு வருஷம் மனஸ்தாபம். நோய் என்று தெரிந்த பிறகுதான் கோபம் தணிந்தது. பேச்சுப் பயிற்சியும் தொடங்கினார்கள். உயில், வங்கிக் கணக்கு போன்றவற்றையும் அவரே தம் விருப்பத்தைச் சொல்ல முடிகிறபோதே முடித்தார்கள்.

ஆகவே பேச்சு தேய்வதை வயசு என்று தள்ளாமல், நரம்பியல் நிபுணரிடம் அழைத்துப் போங்கள்.